ஏரும் ஏலமும்

சுன்னாகச் சந்தையில் இன்று வெங்காயம் என்ன விலை போயிற்று என்பதை நண்பகலுக்கு முன்னரே ஏழாலைக் கமக்காரரும் அறிவர். புன்னாலைக்கட்டுவன் கமக்காரரும் அறிவர். கத்தரிக்காய் கிலோவுக்குப் பத்து ரூபா இறங்கினால் அச்செய்தி காங்கேசன்துறை வீதி நெடுகிலும் பரவிவிடும். சந்தை விலையை அறியாது தம் விளைவை விற்றவரை ஊர் அப்பாவி என்று சொல்லும். ஆயின் அதே கமக்காரர் தம் வாழ்நாளிலே வாங்கிய மிகப் பெரிய பொருளாகிய உழவு இயந்திரம் கைவிட்டுப் போய், எங்கோ ஒரு முற்றத்தில் ஏலங் கூறப்படும்போது, அது என்ன விலைக்குப் போயிற்று, எத்தனை பேர் கேட்டனர், ஏன் அவ்விலையோடு நின்றது என்பதை அவரும் அறியார். அவருடைய அயலவரும் அறியார். வெங்காயத்தின் விலை வெளிச்சத்தில் நிற்கின்றது. இயந்திரத்தின் விலை இருளிலே கிடக்கின்றது.

இவ்விருளினால் நட்டமடைவோர் யார், இலாபமடைவோர் யார் என்பதை ஆராய்வது நமது கடமை. கடன்பட்டவர் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் ஒருவர் பட்ட கடனை ஒருமுறை தீர்ப்பது வேறு. ஏலத்தின் குறைபாட்டால் அதே கடனை இரண்டு முறை தீர்ப்பது வேறு.

ஏலத்துக்கு வரும் வழி

பழைய விவசாய இயந்திரங்கள் பல வழியாக ஏலத்துக்கு வருகின்றன. அரசாங்கத் திணைக்களங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பாவனைக்கு உதவாதவை என ஒதுக்கியவற்றை விற்கின்றன. சட்டத்துக்கு மாறாக மணல் ஏற்றியமைக்காக நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த உழவு இயந்திரங்களும் பெட்டிகளும் ஏலத்துக்கு வருகின்றன. இவற்றைக் காட்டிலும் கமக்காரரை நேரே தாக்குவது, தவணைப் பணம் கட்டத் தவறியமையால் நிதிக் கம்பனிகள் மீளக் கைப்பற்றி விற்கும் இயந்திரமேயாகும்.

மக்கள் லீசிங் என்று வழங்கும் நிதிக் குத்தகை, 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைபெறுவது. அதன் உட்பொருளைக் கையொப்பமிடுவோரிற் பலர் உணர்வதில்லை. இயந்திரம் கமக்காரரின் முற்றத்தில் நிற்கும்; அவருடைய வயலை உழும்; திருத்தவேண்டிய செலவும் அவருடையது. ஆயினும் இறுதித் தவணை செலுத்தும்வரை அதன் உரித்து கம்பனியிடமே இருக்கும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயரே காணப்படும். ஆகவே ஐந்து வருடத் தவணையில் நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டியவரும், ஐந்தாம் வருடம் வெள்ளத்தாலோ விலைவீழ்ச்சியாலோ தடுமாறினால், இயந்திரத்தை இழக்கும் நிலையில் நிற்கின்றார்.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். ஒரு கமக்காரர் கட்டவேண்டிய மிகுதி 12 இலட்சம் ரூபா என்று கொள்வோம். அவருடைய இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. ஆற அமர விற்றால் 14 இலட்சத்துக்குப் போகும். கைப்பற்றிய கூலி, முற்ற வாடகை, ஏலச் செலவு எல்லாம் ஓர் இலட்சம். நேரிய விலைக்கு அது விற்கப்பட்டால் கடனும் செலவும் தீர்ந்து ஓர் இலட்சம் மிஞ்சும். நியாயப்படி அது கமக்காரருக்கு மீள வேண்டும். அதே இயந்திரம் ஏலத்தில் 8 இலட்சத்துக்குத் தட்டப்பட்டால், செலவு போக 7 இலட்சமே கடனிற் கழியும். இயந்திரத்தையும் இழந்து, 5 இலட்சம் ரூபாக் கடனையும் அவர் சுமப்பார். சுத்தியல் விழுந்த ஒரு கணத்தில் ஆறு இலட்சம் ரூபா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிவிட்டது. இதிலே கம்பனிக்கு நட்டமில்லை. மிகுதிக் கடனுக்குப் பிணையாளர் இருக்கின்றார். ஏலத்தில் வாங்கியவருக்கோ இலாபம். நட்டம் முழுவதும் ஏலத்துக்கு அழைக்கப்படாத ஒருவர் தலையில் விழுகின்றது.

விலை ஏன் விழுகின்றது?

ஏல விலை பொருளின் மதிப்பைக் காட்டும் தராசு என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. ஏல விலை, அன்று அங்கு வந்தவர் யார், அவர் அறிந்தது என்ன, அவர் மடியில் இருந்த பணம் எவ்வளவு என்பவற்றையே காட்டுகின்றது.

முதலாவது, விளம்பரம். ஏல அறிவித்தல் எந்த மொழியில், எந்தப் பத்திரிகையில், எத்தனை நாளுக்கு முன் வெளியாகின்றது? வலிகாமத்தில் கைப்பற்றிய இயந்திரத்தைத் தொலைதூரத்து முற்றமொன்றுக்குக் கொண்டுபோய், தமிழ்க் கமக்காரர் வாசியாத ஒரு மூலையில் அறிவித்தல் வெளியிட்டால், ஏலத்துக்கு வருபவர் யாவர்? ஏலம் ஏலமாக நடப்பதையே தொழிலாகக் கொண்டு திரியும் வியாபாரிகள் மாத்திரமே.

இரண்டாவது, அறிவு. ஏல முற்றத்தில் இயந்திரம் பெரும்பாலும் நின்ற நிலையிலேயே காட்டப்படும். உழுது பார்க்க முடியாது. உட்பழுது உண்டோ என்று ஐயுறும் கமக்காரர் அந்த ஐயத்துக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்பார். பழுதில்லாத இயந்திரமும் பழுதானதன் விலைக்கே இழுக்கப்படும்.

மூன்றாவது, பருவம். இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். காலபோக உழவு தொடங்கும் ஆவணி, புரட்டாதியில் இயந்திரத்துக்குத் தேவை மிகுதி. ஆனால் அப்பொழுது கமக்காரர் கையில் பணம் இல்லை. விதைக்கும் பசளைக்கும் அது போய்விடும். அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் பணம் உண்டு. ஆனால் உழவு இல்லை. தேவை உள்ள மாதத்தில் பணம் இல்லை. பணம் உள்ள மாதத்தில் தேவை இல்லை. இரண்டு மாதத்துக்கும் இடையில் பணத்தோடு காத்திருக்கக் கூடியவர் வியாபாரி ஒருவரே. மாசியில் மலிவாக எடுத்த இயந்திரத்துக்கு வர்ணம் பூசி, புரட்டாதியில் அதே ஊர்க் கமக்காரருக்கு விற்கின்றார். அதற்கும் புதிதாக ஒரு லீசிங் எழுதப்படும். ஒரே இயந்திரம் இரண்டு குடும்பங்களைக் கடனாளியாக்கிவிடும்.

நான்காவது, கூட்டுச் சேர்தல். ஏலத்துக்கு வருவோர் சிலர் தமக்குள் போட்டியிடுவதில்லை என முன்னரே பேசிக்கொண்டு, ஒருவரைக் கேட்கவிட்டு மற்றையோர் வாய்மூடி நிற்பது உலகெங்கும் அறியப்பட்ட தந்திரம். பிரித்தானியா 1927ஆம் ஆண்டிலேயே இத்தகைய வியாபாரிகளின் உடன்படிக்கையைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் இயற்றியது. நமது நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் ஏலத்துக்குச் சில விதிகளைக் கூறுகின்றது. சுத்தியல் விழும்வரை, கேட்டவர் தமது கேள்வியை மீளப் பெறலாம். விற்பவர் முன்னறிவித்தலின்றித் தாமோ தமது ஆளோ கேட்டு விலையை ஏற்றுதல் ஆகாது. நல்ல விதிகளே. ஆயினும் அவை வாங்குபவரைப் பொய்யான ஏற்றத்திலிருந்து காப்பன. பொய்யான இறக்கத்திலிருந்து கடனாளியைக் காக்கும் நோக்கு அவற்றிலே இல்லை.

இயந்திரம் வந்த கதை

வலிகாமத்துச் செம்மண்ணிலே ஆறில்லை, கிணறே ஆறு. துலா மிதித்து நீரிறைத்த தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்து துலாவை ஓய்வித்தது. அதே காலத்தில் லான்ட்மாஸ்டர் என்னும் பிரித்தானியத் தயாரிப்பான இருசக்கர உழவு இயந்திரம் வந்தது. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டு, நான்கு பரப்பிலும் ஐந்து பரப்பிலும் தோட்டஞ் செய்யும் நமக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோற் பொருந்தியது. இன்றும் யாழ்ப்பாணத்தில் எந்த நாட்டு இருசக்கர இயந்திரத்தையும் லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றோம்.

1970 தொடக்கம் 1977 வரை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணக் கமக்காரர் தலைநிமிர்ந்தனர். அப்பணத்திலே இயந்திரங்கள் வாங்கினர். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலைகள் சரிந்தன. பின்னர் போர். 1990இல் வந்த பொருளாதாரத் தடை எரிபொருளைத் தடுத்தது. உழவு இயந்திரங்கள் முற்றத்தில் உறங்கின. அதே ஆண்டு வலிகாமம் வடக்கின் கமக்காரர் நிலத்தையும் கிணற்றையும் விட்டு வெளியேறினர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது சுன்னாகமும் பெயர்ந்தது. கையிற் கொண்டுபோகக் கூடியதே மிஞ்சியது. வன்னிக்கு ஏற்றிச் செல்லப்பட்டவை 2009இல் முல்லைத்தீவுக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்களோடு துருப்பிடித்துக் கிடந்தன. ஒரு தலைமுறையின் இயந்திர முதல் முழுவதும் இவ்வாறு அழிந்தது.

இதனை நினைவூட்டுவது பழம்புண்ணைக் கிளறுவதற்கன்று. 2009இன் பின் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வடக்கிலே கிளைகளைத் திறந்தபோது, நம்மவர் ஏன் அவ்வளவு விரைவாகக் கையொப்பமிட்டனர் என்பதற்கு விடை இங்கே உள்ளது. தென்னிலங்கைக் கமக்காரர் பலர் பழைய இயந்திரத்தை விற்றுப் புதியதை வாங்கினர். நம் கமக்காரருக்கு விற்பதற்குப் பழைய இயந்திரமே இருக்கவில்லை; முழுக் கடனோடு தொடங்கினர். 2010இல் இந்தியா வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை இணைகருவிகளுடன் நன்கொடையாக வழங்கியமை பேருதவியே. ஆயினும் ஒரு மாகாணத்தின் பசிக்கு அது ஒரு பிடி சோறு.

பின்னர் வந்தது பொருளாதார நெருக்கடி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அவ்வாண்டின் இறுதியில் நீங்கிற்று. விளைச்சல் போனது போனதே. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை ஒரே நாளில் நூற்றுக்கு ஏழு புள்ளிகளால் உயர்த்தியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. கிணற்றை இறைக்கும் செலவு ஒரே இரவில் நான்கு மடங்கு! விளைவு குறைந்து, செலவு மிகுந்து, வட்டி ஏறிய அந்நிலையில் தவணை தவறியவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? இதிலுள்ள கொடுமை இன்னொன்று: இறக்குமதி நின்றமையால் பழைய இயந்திரத்தின் சந்தை விலை ஏறிநின்ற காலமும் அதுவே. பொருளின் விலை ஏறிய காலத்திலே அதனை இழந்தவருக்கு அவ்வேற்றத்தின் பயன் கிடைத்ததா என்பதைக் காட்டும் பதிவு பொதுமக்கள் பார்வையில் எங்கும் இல்லை.

உலகம் கற்ற பாடம்

1931ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களிலே விளைபொருள் விலை வீழ்ந்து, கமக்காரரின் நிலமும் கால்நடையும் கருவிகளும் கடனுக்காக ஏலங் கூறப்பட்டன. அயலவர் திரண்டு வந்தனர். சில சதங்களுக்கு மேல் எவரும் கேட்கவில்லை. அந்நியர் கேட்கவும் விடவில்லை. சதக்கணக்கில் வாங்கியவற்றை அப்படியே உரியவரிடம் திருப்பிக் கொடுத்தனர். அங்கே அச்சுறுத்தலும் கலந்திருந்தது. அம்முறையை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் ஏல விலை வானத்திலிருந்து இறங்குவதன்று, முற்றத்தில் நிற்கும் மனிதராற் செய்யப்படுவது என்னும் உண்மையை அது உலகறியக் காட்டியது. அக்கிளர்ச்சியின் பின்னரே மின்னசோட்டா மாநிலம் 1933இல் கடனாளிகளுக்குக் காலநீடிப்பு வழங்கும் சட்டத்தை இயற்றியது. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1934இல் அது செல்லுமெனத் தீர்த்தது.

அண்மையில் உள்ள தமிழகத்தைப் பார்ப்போம். 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்து விவசாயி ஒருவர், பட்ட கடனிற் பெரும்பகுதியைத் தீர்த்திருந்தும், இரண்டு தவணை நிலுவைக்காக அவருடைய உழவு இயந்திரம் கைப்பற்றப்பட்டபோது பொலிசாரால் அடித்து இழுக்கப்பட்டார். அக்காட்சியைக் கண்டு தமிழகம் கொதித்தது. கடன் வசூல் என்பது கடன்கொடுத்தவருக்கும் கடனாளிக்கும் இடையிலான தனி விடயம் அன்று, பொது ஒழுங்கின் விடயம் என்பதை அது உணர்த்தியது.

நல்ல வழியும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்சயரில் ஈலி நகரையடுத்த சட்டன் என்னும் ஊரில் மாதந்தோறும் பழைய விவசாய இயந்திர ஏலம் நடைபெறுகின்றது. இயந்திரம் இன்னது, ஆண்டு இன்னது, ஓடிய மணித்தியாலம் இத்தனை, போன விலை இவ்வளவு என்ற விபரங்களை அந்நாட்டுக் கமக்காரர் தமது பத்திரிகைகளில் வாசிக்கின்றனர். ஆகவே அங்கே மூவாயிரம் மணித்தியாலம் ஓடிய இயந்திரத்தின் விலையைக் கமக்காரர் வெங்காய விலைபோல அறிவார். நமது நாட்டிலும் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் மரக்கறி, அரிசி விலைகளைத் திரட்டி வெளியிடுகின்றது. விளைபொருளுக்கு இயலுமானது, அவ்விளைபொருளை உண்டாக்கும் கருவிக்கு ஏன் இயலாது?

செய்ய வேண்டியவை

நிதிக் கம்பனிகளை ஒழிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. வங்கி கதவடைத்த வேளையிற் கடன் கொடுத்தவை அவை. அவற்றிலுள்ள பணம் வைப்பாளரின் பணம். நாம் கேட்பது நேரிய ஏலம்.

மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. கடன் கொடுக்கும்போது காட்ட வேண்டிய நேர்மை, கைப்பற்றிய பொருளை விற்கும்போதும் முழுமையாக வேண்டும். கைப்பற்றிய மாகாணத்திலேயே ஏலம் நடக்கட்டும். அறிவித்தல் தமிழிலும் வெளிவரட்டும். கமநல சேவை நிலையத்தின் பலகையிலும் ஒட்டப்படட்டும். சுயாதீனமான மதிப்பீட்டாளர் ஒருவர் மதிப்பிட்டு, அம்மதிப்பை ஒட்டிய ஒதுக்கு விலை குறிக்கப்படட்டும். ஏலத்துக்கு முன் நிலுவையைக் கட்டி மீட்கவும், தாமே நல்ல விலைக்கு ஆளைக் கொண்டுவரவும் கமக்காரருக்குத் தவணை கொடுக்கப்படட்டும். விற்றபின் போன விலை, செலவு, மிகுதி ஆகியவற்றைக் காட்டும் கணக்கு அவர் கையில் எழுத்திலே கிடைக்கட்டும். மிஞ்சிய பணம் அவருக்கே மீளட்டும். இவற்றில் எதுவும் கம்பனிக்கு நட்டம் தருவதன்று. நல்ல விலை போனால் கடன் விரைவில் தீரும்.

கூட்டுறவாளருக்கும் ஒரு வேண்டுகோள். 1936இல் மூளாயிற் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நிறுவிய மக்கள் நாம். வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வீரசிங்கம் அவர்களின் பெயரால் யாழ்ப்பாணத்திலே மண்டபம் நிற்கின்றது. மண்டபம் இருந்தாற் போதுமா? பணம் உள்ள மாதத்துக்கும் தேவை உள்ள மாதத்துக்கும் இடையே வியாபாரி நிற்கும் இடத்திற் கூட்டுறவுச் சங்கம் நிற்கக் கூடாதா? மாசியில் ஏலத்துக்குப் போய் நியாய விலை கேட்டு எடுத்து, திருத்தி, புரட்டாதியில் அங்கத்தவருக்குக் கொடுக்கலாம். அல்லது சங்கமே வைத்திருந்து வாடகைக்கு உழலாம். நாலு பரப்புத் தோட்டத்துக்கு ஆளுக்கோர் இயந்திரம் வேண்டுமா என்பதும் நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி. ஆண்டிற் சில வாரங்கள் உழுது மிகுதி நாள் முற்றத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு மாதந்தோறும் தவணை கட்டுவது, நிற்கும் மாட்டுக்கு ஓடும் மாட்டின் தீனி போடுவதாகும்.

கற்றோருக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. ஆசிரியரும் இலிகிதரும் உறவுக்காகவும் நட்புக்காகவும் பிணைக் கையொப்பம் இடுகின்றனர். ஏல விலை விழுந்தால் அவர்களுடைய சம்பளமும் தொடப்படும். ஆகவே இது கமக்காரரின் துன்பம் மாத்திரம் அன்று. சட்டத்தரணிகள் ஒப்பந்தத்தைக் கையொப்பத்துக்கு முன் வாசித்துச் சொல்ல மாதத்தில் ஒரு நாளை ஊருக்குக் கொடுக்கலாம். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாட வழிகாட்டலாம். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தார் பழைய இயந்திர விலைகளைத் திரட்டி மாதந்தோறும் வெளியிடலாம். புலம்பெயர்ந்த உறவினர் கோவிற் கோபுரத்துக்கு அனுப்புவதில் ஒரு சிறு பங்கைக் கூட்டுறவுச் சுழல் நிதிக்கு அனுப்பலாம்.

வாங்குவோர் விழிப்பு

ஏலத்தில் வாங்கச் செல்லும் கமக்காரருக்கும் சில சொற்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இயக்கச் சொல்லுங்கள். முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் ஐயுறுங்கள். நீலப் புகை ஒயில் எரிவதையும், ஓயாத கரும்புகை எரிபொருள் அமைப்பின் கோளாற்றையும் காட்டும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. கலப்பையை உயர்த்திச் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். தானே இறங்கினால் ஹைட்ரோலிக் தூக்கி தேய்ந்துள்ளது. மணித்தியாலக் கணக்கு குறைவாகவும் மிதிகட்டைகள் தேய்ந்தும் இருந்தால் கணக்கை நம்பாதீர்கள். பின் டயர் இரண்டையும் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். என்ஜின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும்; வேறு கம்பனியின் உரித்து அதிலே நிற்கின்றதா என்றும் பாருங்கள். இவற்றையெல்லாம் பார்த்தபின் உங்கள் எல்லை விலையைக் கடதாசியில் எழுதி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் வேகத்தில் அதனைத் தாண்டாதீர்கள்.

அயலவரின் இயந்திரம் ஏலத்துக்கு வருமாயின் மலிவுக்குக் கிடைக்கிறதென்று மாத்திரம் எண்ணிப் போகாதீர்கள். நியாய விலை கேட்கும் ஒரு குரல் முற்றத்தில் மிகுதியாக ஒலித்தால், அவருடைய கடனில் ஒரு பகுதி அக்குரலாலேயே தீரும். இன்று அவர், நாளை யார் என்பதை எவர் அறிவார்?

குண்டுக்கும் தடைக்கும் இடப்பெயர்வுக்கும் பின்னர் மீண்டும் கிணற்றைத் தூர்வாரிச் செம்மண்ணைப் பச்சையாக்கியவர்கள் இவ்வூர்க் கமக்காரர். அவர்கள் சலுகை கேட்கவில்லை. தமது விளைவு சுன்னாகச் சந்தையில் நாலுபேர் முன்னிலையில் விலைபோவதுபோல, தமது ஏரும் நாலுபேர் முன்னிலையில் நேரிய விலைபோக வேண்டும் என்றே கேட்கின்றனர். அரசாங்கமும் மத்திய வங்கியும் இதற்கு விதி செய்யட்டும். அவ்விதி வரும்வரை நமது கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் அடுத்த மாசிக்கு முன்னரே ஒன்றுகூடி, ஏல முற்றத்துக்குச் சங்கத்தின் பெயராற் சென்று கேட்பதற்கு ஆளையும் பணத்தையும் ஆயத்தஞ் செய்யட்டும்.